சாப்பாடு போடாத அமைப்புக்கு நன்கொடை கேட்பது: அனுபவப் பகிர்வு

இழையைத் தொடங்கியவர், சென்னை

வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்க வேண்டும் என்று குரல் கொடுக்கும் ஒரு சிறு அறக்கட்டளையில் தனிநபர் நன்கொடைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்களிடம் மருத்துவமனை இல்லை, படுக்கை இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, சமையல்கூடமும் இல்லை. மார்ஃபின் மாத்திரை எந்த மருத்துவமனையில் இருப்பில் இருக்கிறது என்று விசாரித்துப் பட்டியல் எடுப்பதும், இல்லாத இடத்தில் ஏன் இல்லை என்று மனுக் கொடுப்பதும், அந்த மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று தேடிப் போவதும், நோயாளிகளின் குடும்பத்தாரை அதிகாரிகளிடம் அழைத்துச் சென்று பேச வைப்பதுமே எங்கள் வேலை.

புற்றுநோய் முற்றியவர்களுக்கு வரும் கடும் வலிக்கு மார்ஃபின் விலை குறைந்த மருந்துதான். ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு அதை வாங்கி வைக்க ஒரு மருத்துவமனைக்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டதால், பெரும்பாலான மருத்துவமனைகள் அந்தத் தொல்லையே வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் இருந்தால் போதும் என்று ஆனது. சட்டம் மாறினாலும் மாத்திரை தானாக நடந்து வார்டுக்கு வந்துவிடுவதில்லை. அதற்கு ஆள் அலைய வேண்டும், அலைகிறவருக்குச் சம்பளமும் பேருந்துக் கட்டணமும் வேண்டும். அந்தப் பணத்தைத்தான் நான் மக்களிடம் கேட்கிறேன்.

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும்: "வர்ற பன்னெண்டாம் தேதி அப்பாவுக்குத் திதிம்மா. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு கட்டணும்?" வேலையில் சேர்ந்த புதிதில், எங்கள் அறங்காவலர் ஒருவர், "ஒரு நோயாளிக்கு ஒரு நாள் 300 ரூபாய் என்று ஒரு அட்டை அடித்துவிடுங்கள், பணம் கொட்டும்" என்று யோசனை சொன்னார். கொட்டியிருக்கும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நாங்கள் எந்த நோயாளிக்கும் ஒரு நாளும் சோறு போட்டதில்லை. நான் மறுத்ததில் அவருக்கு வருத்தம், சில மாதங்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது திதி என்று யாராவது அழைத்தால், அன்னதானம் செய்யும் இல்லம் ஒன்றின் எண்ணைக் கொடுத்துவிட்டு, நாங்கள் செய்வது என்ன என்பதை இரண்டே வாக்கியத்தில் சொல்கிறேன். பலர் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். சிலர் வைக்க மாட்டார்கள். "அப்பாவுக்குக் கடைசி மூணு மாசம்..." என்று தொடங்குவார்கள். அந்த நேரத்தில் நன்கொடைப் பேச்சை எடுப்பதே இல்லை என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாமே என்பார்கள். அந்த நிதிக்குக் கருவி வேண்டும், கட்டடம் வேண்டும், பெயர்ப்பலகை மாட்ட ஒரு சுவர் வேண்டும். மனுவின்மேல் பெயர்ப்பலகை மாட்ட முடியாது. வெளிநாட்டு நிதியோ 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்போடு வருகிறது. முன்பு அது 50 சதவீதமாக இருந்தது. ஆகவே மாதம் 300, 500 தருகிறவர்களின் தோளில்தான் எங்கள் வண்டி ஓடுகிறது.

அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். அவருடைய மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தபோது, மாத்திரைக்காக இரு வாரத்துக்கு ஒரு முறை இரவுப் பேருந்தில் சென்னைக்கு வந்து போனவர். அந்த அம்மையார் மறைந்த பிறகு மாதம் 500 ரூபாய் தருவதாகச் சொல்லி, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வதற்கான மேண்டேட் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினார். வங்கி அதைத் திருப்பி அனுப்பியது. காரணம், கையெழுத்து பொருந்தவில்லை. மறுபடியும் படிவம் அனுப்பினோம், மறுபடியும் அதே காரணம். மூன்றாவது முறையும் திரும்பிய பிறகு எங்கள் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே "விருப்பம் இல்லை" என்று யாரோ குறித்துவிட்டார்கள். அந்த யாரோ என் பிரிவில்தான் இருக்க வேண்டும் என்பதால் பழி என்னுடையது.

ஏழு மாதம் கழித்து வேறு வேலையாகக் கும்பகோணம் போனபோது அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொண்டுவந்து வைத்தபோதே டம்ளர் டபராவில் கடகடவென்று அடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கைநடுக்கம். வங்கியில் இருந்த கையெழுத்து அவர் பணியில் இருந்த காலத்தில் போட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் பீரோவிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உறையின்மேல் பென்சிலில் ஏழு மாதங்களின் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக, எழுத்துகள் அலைபாய, எழுதப்பட்டிருந்தது. உள்ளே ஏழு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். "பேங்க்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க போல. நீங்க யாராவது வருவீங்கன்னு எடுத்து வெச்சிருந்தேம்மா" என்றார். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி பிரிவின்படியான வருமான வரி விலக்குக் கிடைக்காது என்று நான் விளக்கத் தொடங்கியதை, பள்ளிக்கூடத்தில் பையன்களை நிறுத்துவது போலக் கையைக் காட்டி நிறுத்தினார்.

அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த மாத்திரை இப்ப நம்ம ஊர் ஆஸ்பத்திரியில கிடைக்குதாம்மா?" இல்லை ஐயா, இன்னும் வரவில்லை என்றேன். யாரைப் பார்த்தோம், கோப்பு எதற்காகத் திரும்பியது, அடுத்து யாரைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னேன். நடுவில் ஒரு முறை எழுந்து போய் நாட்காட்டியை எடுத்துவந்து, நாங்கள் அடுத்து அதிகாரியைப் பார்க்கும் தேதியில் ஒரு சுழி போட்டுக்கொண்டார். அந்தத் தேதி முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. பெங்களூரில் இருக்கும் பேத்தி இப்போது டெபிட் கார்டு வழியாக மேண்டேட்டைப் பதிவு செய்து கொடுத்திருக்கிறாள். காகிதம் தேவையில்லை, கையெழுத்தும் தேவையில்லை. காலை ஏழு மணி அழைப்பு மட்டும் நிற்கவில்லை.

உங்களுக்கு நேர்ந்த சந்திப்புகளையும் எழுதுங்கள்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்

வணக்கம் அம்மா. நாங்கள் சிறுநீரக நோயாளிகளின் உரிமைக்காகச் செயல்படுகிறோம். எங்கள் பக்கத்தில் கொடுக்கல் வாங்கல் என்றால் மொய்தான் என்பதால், ஒரு காதணி விழாவில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். விழா நடத்தியவருடைய அண்ணன் டயாலிசிஸில் இருந்து இறந்தவர். "எனக்கு மொய் வேண்டாம், எல்லாவற்றையும் இந்த அமைப்புக்கே கொடுங்கள்" என்று பத்திரிகையிலேயே அச்சடித்துவிட்டார். நாங்கள் மகிழ்ச்சியோடு மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தோம். முதலில் வந்த பெரியவர் 501 ரூபாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "இதை உங்ககிட்டப் போட்டுட்டா, நாளைக்கு எங்க வீட்டு விசேஷத்துக்கு யாரு தம்பி திருப்பிச் செய்வா?"

எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. மொய் என்பது தானம் அன்று, திரும்பி வர வேண்டிய கடன் என்பதை மதுரையிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் மறந்துவிட்டோம். மொய் எழுத வந்திருந்த அனுபவசாலி ஒருவர்தான் வழி சொன்னார். இரண்டு நோட்டுப் போட்டோம்: ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று எங்களுக்கு. வீட்டுக்கு 500 எழுதியவர்கள் எங்கள் நோட்டில் 50, 100 என்று எழுதினார்கள். தொகை நாங்கள் எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லை; ஆனால் யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் விழா முடிந்தது.

தொல்லை பிறகு வந்தது. கொடுத்தவரின் பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால் 30 சதவீத வரி உண்டு என்பதால் ஆடிட்டர் நோட்டைக் கேட்டார். எங்கள் நோட்டில் "உசிலம்பட்டி, பெரியதம்பி மகன்", "மேலூர் டீக்கடை மாப்பிள்ளை" என்றெல்லாம் இருந்தது. மொய் நோட்டுக்கு அந்த முகவரி போதும், ஊரே ஆளைக் காட்டிவிடும். ஆடிட்டருக்குப் போதவில்லை. வீட்டுக்காரரையே துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொருவரையும் தேடிப் போய் முகவரி எழுதினோம். அப்படிப் போன இடங்களில் இரண்டு வீடுகளில் டயாலிசிஸ் நோயாளிகள் இருந்தார்கள். ஒரு வீட்டு அம்மாள் இப்போது எங்கள் மாவட்டக் குழுவில் இருக்கிறார்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்

தலைமையாசிரியர் ஐயாவின் பழுப்பு உறையைப் படித்ததும் 2021 அக்டோபர் நினைவுக்கு வந்தது. அந்த மாதம் 1-ஆம் தேதி முதல், கார்டிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய அனுமதிகள் செல்லாமல் போயின. நாங்கள் புகையிலைக் கட்டுப்பாட்டுக்காகப் பணியாற்றும் சிறிய குழு. எங்கள் மாத நன்கொடையாளர்களில் பெரும்பாலோர் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள். 5-ஆம் தேதி காலையில் கணினியைத் திறந்தால், பணம் வரவில்லை என்று வரிசையாகச் சிவப்புக் குறிகள். கொரோனாவில் சம்பளம் குறைந்ததால் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு, கேட்டால் சங்கடப்படுவார்களே என்று மூன்று வாரம் யாரையும் அழைக்காமல் இருந்தோம். நாகரிகம் என்று நினைத்துச் செய்த அந்தத் தவறு எங்களுக்கு நிறையவே செலவு வைத்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் பெண்மணியை நான் கடைசியில் அழைத்தபோது, "நான் எங்க சார் நிறுத்தினேன்? நீங்கதான் ஆபீஸையே மூடிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவரை யுபிஐ ஆட்டோபேவுக்கு மாற்ற நான்கு நிமிடம் ஆனது.

இன்னொன்று: 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வருமான வரி முறையே இயல்பானதாக ஆகிவிட்டது, அதில் 80ஜி விலக்குக் கிடையாது. மார்ச் கடைசி வாரத்தில் ரசீதுக்காக மட்டும் வரும் கூட்டம் எங்களிடம் மெலிந்துவிட்டது. மாத நன்கொடையாளர்களிடம் அப்படி எந்தக் குறைவையும் நான் காணவே இல்லை.

நாகர்கோவிலிலிருந்து ஓர் உறுப்பினர்

எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பதையும் கொஞ்சம் பாருங்கள். மலப்புரத்தில் வலி நிவாரணச் சிகிச்சை அக்கம்பக்கத்தாரின் சில்லறைக் காசில் வளர்ந்தது. கடையில் உண்டியல் இருக்கும். மாணவர்களும் பேருந்துத் தொழிலாளர்களும் போடுவார்கள். கேரள அரசு 2008-இல் இதற்கெனக் கொள்கை வெளியிட்டபோது அதன் பின்னால் அந்த உண்டியல்களும் இருந்தன. நான் அங்கே போயிருந்தபோது ஒரு மளிகைக் கடைக்காரரிடம், மாதம் எவ்வளவு சேரும் என்று கேட்டேன். அவருக்குத் தொகை தெரியவில்லை; தன் தெருவில் யார் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

புதிய உறுப்பினர், திருச்சி

எல்லோருடைய அனுபவங்களும் பயனுள்ளவை. நான் இந்தப் பணிக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நோயாளியின் படத்தோடு அனுப்பும் வேண்டுகோளுக்கு மும்மடங்கு பணம் வருகிறது என்று எங்கள் இயக்குநர் சொல்கிறார். அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் அதில் தவறென்ன என்று எனக்குப் புரியவில்லை. அக்கா, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

இழையைத் தொடங்கியவர், சென்னை

தம்பி, உங்கள் இயக்குநர் சொல்வது பொய்யில்லை, பணம் வரும். எங்களுக்கும் ஒரு முறை வந்தது. அறுபது வயது தாண்டிய ஓர் அம்மையார், சிரித்துக்கொண்டே எடுத்த படம்தான். அழுகிற படம்கூட இல்லை. முறையாகப் படிவத்தை வாசித்துக் காட்டி, அவரிடமும் மகனிடமும் கையெழுத்து வாங்கினோம். படத்தை வாட்ஸ்அப்பில் வேண்டுகோளாக அனுப்பினோம். பலரும் பகிர்ந்தார்கள். ஐந்து வாரத்தில் அந்த அம்மையார் இறந்துபோனார். எங்களிடம் இருந்த இடங்களிலிருந்தெல்லாம் படத்தை எடுத்துவிட்டோம்.

மகன் அழைத்தது அதற்கும் மூன்று மாதம் கழித்து. கோபமாகப் பேசவில்லை. "எங்க தெரு குரூப்ல யாரோ இன்னைக்கு அம்மா படத்தைப் போட்டு, இவங்களுக்கு அவசரமா உதவுங்கன்னு அனுப்பியிருக்காங்க. எங்க சித்தி அதைப் பார்த்துட்டு, அம்மா எங்கேயோ ஆஸ்பத்திரியில உயிரோட இருக்காங்களான்னு கேக்குறாங்க மேடம். நான் என்ன சொல்றது?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படம் எத்தனை கைப்பேசிகளில் இருக்கிறது என்று எனக்கே தெரியாதபோது, திரும்பப் பெறுகிறேன் என்று அவருக்கு எப்படி வாக்குக் கொடுப்பது? அன்று அவர் சித்தியிடம் நானே தொலைபேசியில் பேசினேன்.

இப்போது எங்கள் வேண்டுகோள்களில் மனுவின் படம் இருக்கிறது: முத்திரையும் தேதியும் தெரிய, "மேல்நடவடிக்கைக்கு" என்று பச்சை மையில் எழுதித் திருப்பிய பக்கம். பணம் குறைவாகத்தான் வருகிறது. அனுமதிப் படிவத்தையும் மாற்றினோம். நோயாளி இறந்த பிறகு படத்தை என்ன செய்யலாம் என்று ஒரு தனி வரி சேர்த்திருக்கிறோம்; அதை வாசித்துக் காட்டும்போது பெரும்பாலானவர்கள் கையெழுத்திடாமல் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நானும் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வேண்டுமானால் அதன் நகலை அனுப்புகிறேன், தம்பி.