கழகத்து அண்ணன்மார் நீட்டும் போத்தலை மகன் எப்படி மறுப்பது?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்

வணக்கம். என் மகனுக்கு 16 வயது. இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறான். மாலையில் ஊர் விளையாட்டுக் கழகத்தில் மென்பந்துக் கிரிக்கெட் ஆடுகிறான். போன மாதம் இறுதியாட்டத்தில் வென்ற இரவு, கடற்கரைக்குச் சோற்றுப் பார்சலோடு பியரும் வந்ததாகவும், மூத்த வீரர் ஒருவர் போத்தலைத் திறந்து தன் கையில் தந்ததாகவும், இரண்டு மிடறு குடித்ததாகவும் அவனே என்னிடம் சொன்னான். யாரும் வற்புறுத்தவில்லை, ஆனால் வாங்காமல் இருக்க முடியவில்லை என்கிறான். இனிக் கழகப் பக்கமே போகக்கூடாது என்கிறார் அவனுடைய அப்பா. இன்று பியர், நாளை சிகரெட், பிறகு ஐஸ் போதைப்பொருள் என்று என் மனம் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: காரைதீவு ஆசிரியர்

சகோதரி, மகன் தானாக வந்து சொன்னான் அல்லவா, அதுதான் இதில் பெரிய விடயம். கழகத்தை நிறுத்தினால், அடுத்த முறை வீட்டில் வாய் திறக்கக்கூடாது என்பதை மட்டுமே அவன் கற்றுக்கொள்வான். பாடசாலைகளில் நாங்களும் கருகிய நுரையீரல் படங்களைக் காட்டிப் பயமுறுத்தியவர்கள்தான். வெறும் விரிவுரையாலும் பயமுறுத்தலாலும் பயனில்லை என்பதை, போதைப்பொருள் தடுப்புக்கென ஐக்கிய நாடுகளின் அலுவலகம் 2013இல் வெளியிட்ட நியமங்களே சுட்டிக்காட்டின. பிள்ளைகளை நடிக்கச் செய்து மறுப்பைப் பழக்குவதும், ‘எல்லோரும் குடிக்கிறார்கள்’ என்ற பிழையான கணிப்பைத் திருத்துவதும் அதைவிட உதவுகின்றன. என் வகுப்பில் பெயரில்லாத துண்டுச் சீட்டுகளில் இதைக் கேட்டபோது, பாதிப்பேராவது குடிப்பார்கள் என்று ஊகித்திருந்த மாணவர்கள், குடித்ததாக எழுதியவர்கள் மிகச் சிலரே என்று கண்டு வாயடைத்துப் போனார்கள்.

பதில்: திருக்கோவில் இளைஞன்

அம்மா, எனக்கு 24 வயது. அந்தக் கடற்கரையில் உங்கள் மகன் இருந்த இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். போத்தலை நீட்டுபவர் எதிரி அல்லர். நமக்குப் பந்து வீசக் கற்றுத் தந்த அண்ணன். அவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வது, அவரையே வேண்டாம் என்று சொல்வதுபோல் இருக்கும். வைகாசியில் அம்மன் சடங்கு நாட்களில் ‘விரதம்’ என்றால் ஒருவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். மற்ற நாட்களுக்கும் அப்படியொரு காரணம் அவன் வாயில் தயாராக இருக்கட்டும்: ‘அப்பா மணந்து பார்ப்பார்’, ‘நாளை காலையில் ரியூசன்’. அது பொய்யாக இராதபடி நீங்களும் நடந்துகொள்ளுங்கள். கையில் சோடாப் போத்தல் இருந்தால் இன்னொன்றை யாரும் திணிப்பதில்லை. எனக்கு உதவியது ஓர் ஒப்பந்தம்: நான் ‘மிஸ்ட் கோல்’ கொடுத்தால் மாமா மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிச் செல்வார், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். திட்டெல்லாம் மறுநாள்தான்.

பதில்: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தகப்பன்

மேலே சொன்னவை சரி, ஆனால் எல்லாப் பாரத்தையும் 16 வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கிறோம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்பது குற்றம். அண்ணன்மார் வாங்கி வருவதால் கடைக்காரர் தப்பிவிடுகிறார். போயா தினத்தில் மதுக்கடை பூட்டு என்றால், முதல் நாளே வாங்கி வைக்கிறார்கள். ஆகவே கழக நிர்வாகத்திடம் நேரில் பேச வேண்டியவர் அவனுடைய அப்பா. மகன் சொன்னான் என்று மட்டும் காட்டிக்கொடுத்துவிடாமல், வேறு இரண்டு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். ஐஸ் பற்றிய சந்தேகம் உண்மையாகவே எழுந்தால், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். இரண்டு மிடறு பியருக்கு அவ்வளவு தூரம் ஓடத் தேவையில்லை.

கேள்வி கேட்ட தாய்

எல்லோருக்கும் நன்றி. இவரிடம் வாசித்துக் காட்டினேன். ‘மணந்து பார்ப்பார்’ என்ற இடத்தில் சிரித்துவிட்டார். அடுத்த ஆட்டம் முடிந்ததும் கடற்கரைக்குத் தானே போய் ஒன்பது மணிக்கு மகனை ஏற்றி வருவதாகச் சொல்லியிருக்கிறார். சோடா ஒரு பெட்டி நான் கொடுத்தனுப்புகிறேன்.