அம்மாவின் சேலைகளுக்கு நல்ல கைகள் வேண்டும்

வணக்கம். அம்மா மறைந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. சிங்கப்பூரில், ஈசூனில் உள்ள அவர் வீட்டை விரைவில் காலி செய்ய வேண்டும். அலமாரியில் 43 சேலைகள் இருக்கின்றன. பட்டுச் சேலைகளைச் சித்தியும் அக்காவும் எடுத்துக்கொண்டார்கள். துவைத்துத் துவைத்துப் பூவாய் மென்மையாகிவிட்ட பருத்திச் சேலைகளும் ஓரம் நைந்த பாலியஸ்டர் கலப்புச் சேலைகளும்தான் மிச்சம்.

பழைய பொருள்களை நன்கொடையாகப் பெற்று விற்கும் வாட்டர்லூ ஸ்திரீட் நியூ டு யூ கடை, சால்வேஷன் ஆர்மி கடைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் நான் முதலில் விசாரித்த ஓர் அறநிறுவனக் கடையில், சேலை அவ்வளவாக விற்காது என்று தயங்கினார்கள். ரவிக்கைகளோ அம்மாவின் அளவுக்குத் தைத்தவை.

குப்பையில் போட மனம் வரவில்லை. இங்கே குப்பையை எரித்த சாம்பல் செமாக்காவ் தீவுக்குத்தான் போகும். அந்தக் குப்பை நிலமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

சேலைகளை விரும்பி வாங்கும் கடை எது? பயிற்சிக்குச் சேலை தேவைப்படும் நடன வகுப்பு இருக்கிறதா? ஒரு சேலையில் ஐந்தரை மீட்டர் துணி. பையோ போர்வையோ தைப்பவர்கள் இருந்தால் மகிழ்ச்சியாகக் கொடுப்பேன். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த நூலை மறுசுழற்சிக்காகப் பிரிப்பது கடினமாம். அத்தகைய நைந்த துணியை யார் எடுத்துக்கொள்கிறார்கள்?

எல்லாவற்றையும் துவைத்து, மடித்து, நானே கொண்டுவந்து தருகிறேன்.