எலிக்காய்ச்சல் குளிசையின் மிச்சத்தை அறுவடைக்கு எடுத்து வைக்கலாமா?

படுவான்கரை மருமகள்:
நாங்கள் வெல்லாவெளிப் பக்கம். வரம்பு செதுக்கப் போய்வந்த மாமாவுக்குக் கடும் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலில் தொடவே விடாத நோவு. எலிக்காய்ச்சல் என்று வார்டில் வைத்திருந்து, டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தந்தார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று, ஒரு கிழமைக்கு. பாதி முடிவதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. மனிசன் இப்போதே வட்டைக்கு (வயலுக்கு) போகத் துள்ளுகிறார். "மிச்சத்தை வை புள்ள, வெட்டுக்கு இறங்கும்போது போடலாம். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவும் இதைத்தானே தாறவர்" என்கிறார். குளிசை போட்டால் நெஞ்சு எரிகிறதாம். அதற்கு மருந்தாக உடனே ஒரு கோப்பை எருமைத் தயிர், சீனி போட்டு! என்ன சொல்லி மறிப்பது?

சம்மாந்துறை வயல்காரன்:
குளிசையை நிறுத்த விடாதீங்க தங்கச்சி. தயிர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும், நமக்கு அது இல்லாமல் சோறு இறங்காது.

பழைய டிஸ்பென்சர், அக்கரைப்பற்று:
மகள், மாமா சொல்வதில் பாதி சரி, அதுதான் சிக்கல். குளிசை ஒன்றுதான், வேலை இரண்டு. பீ.எச்.ஐ. தருவது வருமுன் காக்க: வயலில் இறங்கும் காலத்தில் கிழமைக்கு ஒரு தரம், 100 மில்லிகிராம் இரண்டு. மாமாவிடம் இருப்பது வந்த கிருமியைக் கொல்ல. இதை மிச்சம் பிடித்தால் இந்த வைத்தியமும் அரைகுறை, அறுவடைக்கும் காணாது. அதற்கு வேண்டியதை அந்த நேரம் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) காரியாலயத்தில் கேட்டு வாங்கலாம்.

காய்ச்சல் விட்டதை நம்பவும் வேண்டாம். எலிக்காய்ச்சல் சிலருக்கு இரண்டு தவணையாக வரும். முதல் காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் சுகம்போல் காட்டும், பிறகு திரும்ப எழும்பும். கிருமி சிறுநீரகத்தில் தங்கக்கூடியது. மூத்திரம் குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ குளிசை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி நெஞ்செரிவு. மாமா எப்படி விழுங்குகிறார் என்று பாருங்கள். நான் மருந்து கொடுத்த காலத்தில் கண்டது இதுதான்: இரவில் பாயில் இருந்தபடி ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டு அப்படியே சரிவார்கள். டொக்ஸிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். இராச்சாப்பாட்டோடு, நிமிர்ந்து இருந்து, ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீருடன் விழுங்கச் சொல்லுங்கள். அதன்பின் அரை மணித்தியாலமாவது படுக்கக் கூடாது. விழுங்கவே நோவெடுத்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

தயிரை நான் பறிக்க மாட்டேன், மட்டக்களப்பான் வீட்டில் அது நடக்கவும் நடக்காது. ஆனால் அதிலுள்ள கல்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடலில் சேர்வது குறையும். குளிசைக்கும் தயிருக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். பால் தேத்தண்ணிக்கும் அப்படியே, பிளேன்டீ பரவாயில்லை. தயிரைவிட மோசம், நெஞ்செரிவுக்குக் கடையில் வாங்கும் அன்டாசிட்டும் இரும்புச்சத்துக் குளிசையும். இந்தக் குளிசை போடும் நாட்களில் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் கருகும், ஆகவே உச்சி வெயிலில் வட்டைக்கு விடாதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அது ஆறாமல் சேற்றுப் பக்கமே போகக் கூடாது.

படுவான்கரை மருமகள்:
ஐயா, நீங்கள் சொன்னது அச்சொட்டு. பாயில் இருந்துதான் போடுகிறார், தண்ணீர் ஒரு மிடறுதான். இன்றிலிருந்து பக்கத்தில் நின்று விழுங்க வைப்பேன். இன்னொன்று: மச்சாளுக்கும் நேற்றிலிருந்து காய்ச்சல். அவ ஏழு மாதம். மாமி இதில் இரண்டு கொடுப்போம் என்கிறா.

பழைய டிஸ்பென்சர், அக்கரைப்பற்று:
கொடுக்கவே கூடாது! வயிற்றுப் பிள்ளையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு இதைத் தவிர்ப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் டொக்டர் சொல்லாமல் இல்லை. அதோடு அவவின் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இந்தக் குளிசையால் ஒரு பயனும் இல்லை, அது வைரஸ். விடியும்வரை வைத்திருக்காமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கிளினிக் கொப்பியையும் மறக்காமல் எடுங்கள். நோவுக்கு என்று புரூபன் (இபுபுரொஃபன்) கொடுத்துவிட வேண்டாம்.