61 வயதில் திரைக்கு வந்த சிட்னி கிறீன்ஸ்ரீற் இலங்கையில் தேயிலை பயிரிட்டவர் என்பது உண்மையா?

முறிகண்டிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எமது ஊர் இளைஞர்கள் சிலர் அரை மணி நேரக் குறும்படமொன்றை எடுக்க ஆயத்தம் செய்து வருகின்றனர். அதில் ஊரார் காணிகளை ஈட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் வட்டிக்காரர் பாத்திரத்துக்கு 62 வயதான என் பெரியப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். ஆள் நல்ல பருமன். பேச்சிலும் ஒரு நிதானம் உண்டு. தொடர்ந்து இரண்டு காலபோகம் மழை பொய்த்த பின்னர் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார்.

இந்த வயதில் தனக்கென்ன நடிப்பு என்று அவர் மறுத்தபோது, படம் எடுக்கும் தம்பிமாரில் ஒருவர், சிட்னி கிறீன்ஸ்ரீற் என்ற ஆங்கிலக் குணசித்திர நடிகரும் இலங்கையில் பயிர் செய்து வரட்சியால் நொடித்தவர்தான் என்றும், 61 வயதில் நடிக்கத் தொடங்கி ஒஸ்கார் பரிந்துரை வரை போனவர் என்றும் சொல்லிவிட்டார். பெரியப்பா அன்றிலிருந்து அரைச் சம்மதத்தோடு இருக்கிறார். அக்கதை எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். இல்லாத கதையைச் சொல்லி ஒரு முதியவரை ஏற்றிவிட்டோம் என்ற பழி எங்களுக்கு வேண்டாம்.

குளக்கட்டு எழுதியது:

கதையின் முற்பாதி உண்மை. பிற்பாதியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

கிறீன்ஸ்ரீற் 1879 டிசம்பர் 27ஆம் திகதி இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் தோல் வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 18 வயதில் தேயிலையில் பணம் பண்ணலாம் என்று இலங்கைக்குக் கப்பலேறினார்; வரட்சி அவரைத் திருப்பி அனுப்பியது. ஊர் திரும்பி ஒரு மதுவடிசாலையை நிர்வகித்தபோது, அந்த வேலையின் சலிப்பு தாங்காமல்தான் நடிப்பு வகுப்புக்குப் போனார். 1902இல் றாம்ஸ்கேற் நகரில் ஷேர்லொக் ஹோம்ஸ் நாடகமொன்றில் கொலைகாரனாக முதன்முதலில் மேடையேறினார். அப்போது அவருக்கு 22 வயது.

ஆகவே 61 வயதில் அவர் தொடங்கியது திரைப்படத்தை மட்டுமே. அதற்கு முன் 39 ஆண்டுகள் மேடையில் நின்றவர். பென் கிறீற்றின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவோடு ஊரூராகச் சுற்றி, 1905இல் நியூயோர்க் மேடையை அடைந்து, 1930களில் அல்பிரட் லுன்ற், லின் பொன்ரான் தம்பதியரின் நாடகங்களில் தொடர்ந்து துணைப் பாத்திரங்களை ஏற்றவர். சினிமாவிலிருந்து வந்த அழைப்புகளை அவ்வளவு காலமும் அவரே தட்டிக்கழித்து வந்தார். 1941இல் ஜோன் ஹியூஸ்ரன் தமது முதல் படமான 'த மோல்ரீஸ் பல்கன்' படத்தில் காஸ்பர் குட்மன் என்ற வில்லனாக அவரை நடிக்கவைத்தார். சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரை அந்த முதற்படத்துக்கே கிடைத்தது. விருது வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு 'கசபிளாங்கா'. 1949இல் திரையை விட்டார், 1954இல் காலமானார். திரை வாழ்வு மொத்தம் எட்டே ஆண்டுகள்.

தம்பியிடம் கதையைத் திருத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை எழுதியது:

வரட்சி என்ற சொல்லை வன்னிக் கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறியது. இங்கே ஐப்பசியிலிருந்து தை வரை பெய்கிற மழை குளத்தில் தேங்கினால் வயல் விளைந்துவிடும். தேயிலைக்கு அது போதாது. அதற்கு மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்ய வேண்டும், இரண்டு மாதம் காய்ந்தாலே கொழுந்து விடுவது குறைந்துவிடும். மலையில் என்ன வரட்சி என்று கேட்பவர்களுக்கு என் பாட்டி சொல்லும் பதில் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெரியப்பாவின் நொடிப்பும் கிறீன்ஸ்ரீற்றின் நொடிப்பும் ஒன்றல்ல. துரையாக வந்தவருக்குத் தோட்டம் கைகொடுக்காதபோது திரும்பிப் போக ஓர் ஊரும், அங்கே ஒரு வேலையும், மாலையில் நடிப்பு வகுப்பும் இருந்தன. அதே மலையில் கொழுந்து பறித்தவர்களுக்குத் திரும்பிப் போக ஒன்றுமிருக்கவில்லை. அவருடைய நடிப்பை நான் குறை சொல்லவில்லை. 'கசபிளாங்கா'வில் துருக்கித் தொப்பியோடு உட்கார்ந்து, பேச்சின் நடுவே ஈயடிக்கும் கறுப்புச் சந்தை முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம், இந்தத் தோரணையை மனிதர் எந்தத் தோட்டத்துப் பங்களாவில் கண்டிருப்பார் என்று யோசிப்பேன். அது வெறும் என் யோசனைதான்.

அண்ணாவியார்மகன் எழுதியது:

கொழுந்துக்கூடை சொல்வது நியாயம். ஆனால் கேட்டவருக்கு ஒரு நடிகரை ஆயத்தப்படுத்த வேண்டிய தேவை இருக்கிறது. ஆகவே நடிப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

கிறீன்ஸ்ரீற்றின் எடை 300 இறாத்தல் அளவில் இருந்தது. ஹியூஸ்ரனின் ஒளிப்பதிவாளர் கமராவைத் தாழ வைத்து மேல்நோக்கிப் படம்பிடித்ததால் அந்த வயிறும் கோட்டும் திரையை அடைத்துக்கொண்டு நின்றன. அந்தப் பருமன் எவ்வளவு பேர்பெற்றதென்றால், நாகசாகியில் போடப்பட்ட அணுகுண்டுக்குத் 'தடியன்' என்ற பொருளில் வைக்கப்பட்ட பெயர் இந்தக் குட்மன் பாத்திரத்திலிருந்து எடுத்ததே என்று, அக்குண்டுத் திட்டத்தில் பணிபுரிந்த விஞ்ஞானி றொபேட் சேர்பர் எழுதியிருக்கிறார். குண்டு என்ற சொல்லின் இரண்டு பொருளும் எங்களுக்கு விளங்கும். அதை அவ்வளவோடு விடுகிறேன்.

ஆனால் பருமனை மட்டும் வைத்து அவர் பிழைத்திருந்தால் நாங்கள் இன்று அவரைப் பற்றிப் பேசமாட்டோம். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து மரியாதையான, இனிமையான, சொல்லுக்குச் சொல் 'சேர்' போடுகிற பேச்சு வருவதுதான் பார்ப்பவரைப் பயமுறுத்துகிறது. குட்மன் 17 ஆண்டுகளாகத் தேடிய பருந்துச் சிலை கைக்கு வந்ததும் அதைக் கத்தியால் சுரண்டிப் பார்க்கிறார். அது வெறும் ஈயம். ஆத்திரத்தில் துடிக்கிறார், பிறகு கழுத்துப்பட்டியைச் சரிசெய்வது போலத் தம்மைச் சரிசெய்துகொண்டு, இன்னும் ஓராண்டு தேடினால் நேரச் செலவு கிட்டத்தட்ட 6 சதவீதந்தானே கூடும் என்று கணக்குப் போட்டுச் சிரிக்கிறார். விதைத்தது கருகிய பின் அடுத்த போகத்துக்கு விதைநெல் கணக்குப் பார்ப்பவர்களை நாங்கள் அறிவோம். அந்தக் காட்சியை பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். நீண்ட விளக்கம் தேவைப்படாது.

குள்ளமான, பதற்றமான பீற்றர் லோறியோடு அவரைச் சோடி சேர்த்தே வோர்னர் நிறுவனம் பல படங்களை எடுத்தது. உங்கள் வட்டிக்காரருக்கும் ஒல்லியான கணக்குப்பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தினால் பாதி வேலை முடிந்துவிடும். கடைசியில் 1950, 51 காலத்தில் அவர் வானொலியில் நீரோ வூல்ப் என்ற துப்பறிவாளராக நடித்தார். உடம்பே தெரியாத இடத்தில் குரல் ஒன்றே அந்தப் பருமனைக் காட்டியது.

பெரியப்பா எப்போதாவது கூத்தில் ஆடியிருக்கிறாரா?

முறிகண்டிவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. திருத்திய கதையை அப்படியே பெரியப்பாவிடம் சொன்னேன். 39 ஆண்டு மேடை என்றதும் அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, தானும் இளமையில் காத்தவராயன் கூத்தில் ஏழெட்டு ஆண்டுகள் ஆடியதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் எவருக்கும் இது தெரியாது. பெரியம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. இப்போது வந்திருக்கும் சிக்கல் வேறு: ஒத்திகையில் அவர் ஒலிவாங்கி இல்லாத காலத்துக் குரலை எடுக்கிறார், அடுத்த வளவு நாய்கள் குரைக்கின்றன. அதோடு, கமராவைக் கண்டதும் கை நடுங்குகிறது.

அண்ணாவியார்மகன் எழுதியது:

குரலுக்கு வழி இலகுவானது. கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று பாடியவரிடம், முன்னால் இருக்கும் ஒருவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்று சொல்லி, கடன்காரராக நடிப்பவரைக் கைக்கெட்டும் தூரத்தில் இருத்துங்கள். கை நடுக்கத்துக்கு அஞ்ச வேண்டாம். அத்தனை ஆண்டு மேடையேறிய கிறீன்ஸ்ரீற்றே முதல் நாள் படப்பிடிப்பில் நடுங்கி, உடன் நடித்த மேரி அஸ்ரரிடம் தன் கையைப் பிடித்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறார். பெரியப்பாவுக்கும் தெரிந்த ஒருவர் கமராவுக்குப் பக்கத்தில் நிற்கட்டும்.

முறிகண்டிவாசி எழுதியது:

பெரியம்மாவைக் கூட்டிச் செல்வதாக முடிவாகியிருக்கிறது. அவர் சிரித்துவிடுவார் என்பது மட்டுமே பெரியப்பாவின் இப்போதைய கவலை.