வேலைப் பார்த்துவிட்டு "இது யாரைக் கொன்றது?" என்று கேட்டார்

சாட்ஸ்வொர்த், டர்பன்

எல்லோருக்கும் வணக்கம். நான் ராஜபாளையத்துக்காரன். பதினோரு வருடமாக இங்கே தென்னாப்பிரிக்காவில் ஒரு ஆலையில் ஃபிட்டர் வேலை. போன தைப்பூசத்துக்கு முந்தின நாள் நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

எங்கள் வீட்டு வேல் பித்தளை. முழங்கை நீளம்தான் இருக்கும். காவடிக்கு முன்னால் தேய்த்துவிடலாம் என்று ஆலைக்கே எடுத்துப்போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு போய் அந்த இலை முகம் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. எங்கள் ஆலைக் காவலாளி. ஜூலு இனத்துப் பெரியவர், ஊர் எஷோவே பக்கம். நான் அவரை பாபா என்று கூப்பிடுவேன், அவர் என்னை பூதி என்பார், அதாவது தம்பி மாதிரி.

"உம்கோந்தோ" என்றார். அவர்கள் மொழியில் ஈட்டி. ஆமாம், எங்கள் சாமியுடையது என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இது யாரைக் கொன்றது என்று கேட்டார்.

சூரபத்மன் கதையைத் தெரிந்த இங்கிலீஷிலும் அரைகுறை ஜூலுவிலும் சொன்னேன். கடலுக்குள் மாமரமாகப் போய் நின்றது, வேல் அதை இரண்டாகப் பிளந்தது, ஒரு பாதி சேவலாகவும் மறு பாதி மயிலாகவும் ஆனது, சேவலைக் கொடியில் வைத்து மயில் மேல் ஏறிக்கொண்டார் என்று சொன்னேன். "அப்படியென்றால் எதிரிதான் அவரைச் சுமந்துகொண்டு போகிறானா?" ஆமாம் பாபா. அவர் ஒன்றும் சொல்லவில்லை, குழாயை மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான், ஆனால் சுமப்பது எதிரி என்பதை நான் அதுவரை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அப்புறம் அவர் சொல்ல ஆரம்பித்தார். ஷாகா மன்னர் காலத்துக் குட்டை ஈட்டிக்குப் பெயர் இக்ல்வா. எறிவதற்கில்லை, கிட்டப் போய்க் குத்துவதற்கு. உடம்பிலிருந்து உருவும்போது வரும் சத்தம்தான் அந்தப் பெயராம். அவர் வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினார், எனக்கு முதுகு சில்லிட்டது. மாட்டுத்தோல் கேடயம் வீரனுக்குச் சொந்தமில்லையாம், மாடும் ராஜாவுடையது, கேடயமும் ராஜாவுடையது. இளவட்டப் படைக்குக் கறுப்பு, அனுபவப்பட்ட படைக்கு வெள்ளை.

திங்கட்கிழமை அவர்கள் தடிச்சண்டைக்கான இரண்டு தடிகளோடு வந்தார். குட்டையானது இந்துக்கு, அடிக்க. நீளமானது உபோக்கோ, தடுக்க. நான் ஒற்றைக் கையை நீட்டினேன். அவர் தடியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கு என்றார். எனக்கு எங்கள் சிலம்ப ஆசான் ஞாபகம் வந்துவிட்டது. தரையைத் தொட்டுக் கும்பிட்டு, கம்பைக் கண்ணில் ஒற்றாமல் எடுத்தால் விரல் முட்டியிலேயே ஒன்று போடுவார். அவர்கள் ஆட்டத்திலும் கட்டுப்பாடு உண்டு, தடி முனையால் குத்தக் கூடாது, கீழே விழுந்தவனை அடிக்கக் கூடாது.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரசுச் சின்னத்தில் ஒரு ஈட்டியும் ஒரு குண்டாந்தடியும் இருக்கிறது, எப்படி இருக்கிறது பார் என்றார். இரண்டும் படுத்துக் கிடக்கின்றன. 2000 ஏப்ரல் 27-ல் இந்தச் சின்னத்தை ஏற்றபோது சண்டை வேண்டாம் என்று காட்டுவதற்காகவே அப்படி வரைந்தார்களாம். பதினோரு வருடமாக இந்தக் காசைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தும் நான் பார்க்கவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அண்ணா, படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கேயே பிறந்தவள், என் தமிழ் ஆயாவிடம் கற்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு சாமி அறையில் கரும்பு வெட்டும் கத்தி ஒன்று இருக்கிறது. ஆயாவின் தாத்தா ஒப்பந்தக் கூலியாக வந்தவர். 1860-லிருந்து 1911 வரை இந்த நேட்டாலுக்கு வந்த ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேரில் ஒருவர். அகலமான அலகு, முதுகில் ஒரு கொக்கி, பிடியில் கம்பி சுற்றியிருக்கும். கட்டை விரல் படும் இடத்தில் மட்டும் மரம் குழிந்திருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என் விரலை அந்தக் குழியில் வைத்துப் பார்ப்பேன், பாதிகூட நிறையாது. இப்போது சரியாகப் பொருந்துகிறது.

தோட்டத்தில் அதிகாரம் என்றால் சாம்போக்தான் என்று ஆயா சொல்லும். காண்டாமிருகத் தோலிலோ நீர்யானைத் தோலிலோ செய்த சாட்டை. அந்தச் சொல்லே பாரசீகத்தில் சாபுக்காக இருந்து மலாய் வழியாக இங்கே வந்தது என்று பிறகு படித்தேன், நம் சவுக்கு என்ற சொல் காதில் எவ்வளவு பக்கத்தில் விழுகிறது பாருங்கள். ஆயாவின் தாத்தா முதுகில் அந்தத் தழும்பு இருந்ததாம். ஆனால் அதைப் பற்றி ஆயா அதிகம் பேசாது. சரஸ்வதி பூஜைக்குக் கத்தியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, "நம்ம வீட்டு ஆயுதம் இதுதான் கண்ணு, இது யாரையும் அடிச்சதில்லை" என்று சொல்லும். ஆயா போய் நாலு வருடம் ஆகிறது, இப்போது சந்தனம் வைப்பது நான்.

நியூகாசில்

நான் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளை இசாண்டில்வானாவுக்குக் கூட்டிப் போயிருந்தேன், 1879 ஜனவரி 22-ல் ஜூலு படை பிரிட்டிஷ் படையை முறியடித்த இடம். மைதானம் முழுக்க வெள்ளையடித்த கற்குவியல்கள், எல்லாம் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்களுக்கு. ஜெயித்தவர்களுக்கு 1999-ல்தான் நினைவுச் சின்னம் வைத்தார்கள். ஈட்டி இருக்கும், குதிரை மேல் ராஜா இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். ஒரு கழுத்துமாலை இருந்தது. வெண்கலத்தில், பெரிதாக. வீரத்துக்காக ராஜா கொடுக்கும் மரமணி மாலைக்கு இசிக்கு என்று பெயர், அதே வடிவம். கழுத்து இல்லாத மாலை. கீழே மரத் தலையணை மாதிரி நாலு வெண்கலக் கட்டைகள். பேசிக்கொண்டே வந்த பிள்ளைகள் அங்கே தானாகவே அமைதியாகிவிட்டார்கள்.

பிரிட்டோரியா

இங்கே பல்கலைக்கழகத்துச் சேகரிப்பில் மாபுங்குப்வே தங்கக் காண்டாமிருகத்தைப் பார்த்தேன். சாண் நீளம்கூட இல்லை. கிட்டத்தட்ட எண்ணூறு வருடம் முந்தைய அரச கல்லறையில் கிடைத்தது. மரத்தின் மேல் தங்கத் தகடு, தகட்டைப் பிடிக்கக் கடுகு மாதிரித் தங்க ஆணிகள். மரம் மக்கிப் போய்விட்டது, மேல்தோல் மட்டும் இன்னும் தலையைக் குனிந்து முட்ட வருகிற மாதிரி நிற்கிறது. நாட்டின் மிக உயர்ந்த விருதுக்கு அந்த ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், 2002-ல் மண்டேலாவுக்குக் கொடுத்தார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் கானா நாட்டுக்காரர் ஒருவர் இதைவிடப் பெரிய விஷயம் சொன்னார். அவர்கள் அசாந்தே மக்களின் தங்க ஆசனத்தில் ராஜாகூட உட்கார மாட்டாராம், தரையிலும் அது படக் கூடாது. 1900-ல் பிரிட்டிஷ் கவர்னர் வந்து நான் உட்காருவதற்கு அதைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டார். யா அசந்தேவா என்ற அரசித் தாய் தலைமையில் போரே மூண்டது, ஆசனம் கடைசிவரை கவர்னர் கையில் கிடைக்கவில்லை.

நான் பதிலுக்கு மோசிகீரனார் கதையைச் சொன்னேன். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம், புலவர் களைப்பில் அரச முரசு வைக்கும் புனிதக் கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். வெட்டிப்போட்டிருக்கலாம். சேரமான் வெட்டவில்லை, விசிறி எடுத்து வீசினான். கானாக்காரர் நம்பவே இல்லை, ராஜாவே விசிறினானா என்று இரண்டு தடவை கேட்டார்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

தங்கச்சி, அந்த விரல் குழியை நான் மறக்க மாட்டேன். விசிறிக் கதையை பாபாவிடமும் சொன்னேன், அந்த ராஜா பெயரை எழுதித் தரச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்கு வருகிறார். உபோக்கோவால் தடுப்பதை அவர் சொல்லித் தருவார், நான் சிலம்பத்தில் நாலு வீச்சு காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். கம்புதான் இல்லை. கெட்டி மூங்கிலாக, கணு நெருக்கமாக, என் நெற்றி மட்டத்துக்கு, ஐந்தரை அடி வேண்டும். டர்பன் பக்கம் எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.