ஒட்டிப்போன படப் பக்கங்களைப் பிரிக்க வழி உண்டா?

வணக்கம். சார்லி சாப்ளினின் தன்வரலாறு, 1964இல் பாட்லி ஹெட் வெளியிட்ட கெட்டி அட்டைப் பதிப்பு. மூன்று வாரம் முன்பு மேல்வீட்டுக் குழாய் கசிந்து நனைந்துவிட்டது. நான் இருப்பது லண்டன், ஈஸ்ட் ஹாம்.

எழுத்துப் பக்கங்கள் அலையலையாக நெளிந்தாலும் தப்பித்துவிட்டன. ஆல்டர்ஷாட் மேடையில் அம்மாவுக்குக் குரல் போக, அவருக்குப் பதில் பாட வந்த ஐந்து வயதுச் சாப்ளின் பாதிப் பாட்டை நிறுத்திவிட்டு, கூட்டம் வீசிய சில்லறையைப் பொறுக்குவானே, அந்த இடம்கூடப் பத்திரம். வழவழ தாளில் அச்சான படங்கள்தான் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன.

மின்விசிறியில் காயவைத்தேன், டிஷ்யூ செருகப் பார்த்தேன், இரண்டு நாள் ஃப்ரீசரிலும் வைத்தேன். மழுங்கின கத்தியை நுழைத்ததும் ஒரு மூலை வெள்ளையாக உரிந்துவந்தது. அதோடு கையை எடுத்துவிட்டேன்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: மறுபடி ஈரப்படுத்தினால் பிரியுமா, இல்லை உள்ளதும் போய்விடுமா?