கிரெடிட் என்பதற்குக் 'கடன்' வேண்டாம், 'பேறு' என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்கு மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருக்கிறேன். நான்கு பழைய கட்டடங்கள். ஒன்றைத் திருத்தி முடித்து ஆட்களை அங்கே மாற்றிவிட்டு, அப்புறம் அடுத்ததில் கை வைப்பது, கடைசியில், சூழலைக் கெடுக்காத கட்டடங்களுக்குக் கொடுக்கும் லீட் பசுமைச் சான்றிதழ் எடுப்பது என்று திட்டம். அதற்குப் புள்ளி தரும் ஒவ்வொரு அம்சத்தையும் ஆங்கிலத்தில் கிரெடிட் என்பார்கள். எனக்கு முன்னால் செய்தவர் கிரெடிட் என்று வந்த இடமெல்லாம் 'கடன்' என்று போட்டுவிட்டார். 'வளாகக் கடன்', 'மழைநீர்க் கடன்'. அந்தத் தாளை அறிவித்தல் பலகையிலும் ஒட்டியிருந்தார்கள். ஒரு அம்மம்மா கண்ணாடியைப் போட்டு, விரலால் வரிவரியாகத் தொட்டு வாசித்துவிட்டு, "எங்கட பேரில கடன் எடுத்திருக்காங்களா மகன்? ஆர் கட்டுற?" என்று கேட்டார். விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போயிற்று. பாவம், அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

தம்பி, நீங்கள் போன மடலில் கிரெடிட் என்பதற்குப் 'புள்ளி' போதும் என்றீர்கள். சரி, அப்போது பொயின்ற் என்பதை என்ன செய்வது? லீட் முறையில் இரண்டும் வேறுவேறு. மழைநீர் மேலாண்மை ஒரு கிரெடிட். 4ஆம் பதிப்பில், புதுக் கட்டடத்துக்கும் பெருந்திருத்தத்துக்கும் உரிய பிரிவில் அதற்கு 3 புள்ளி வரை கிடைக்கும். இப்படி எல்லாக் கிரெடிட்டிலும் கிடைக்கும் புள்ளிகளைக் கூட்டித்தான் 40க்குச் சான்றிதழ், 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்குப் பிளாட்டினம். முன்நிபந்தனை என்று சிலவும் உண்டு, அவற்றுக்குப் புள்ளியே இல்லை, ஆனால் அவற்றை நிறைவேற்றாமல் சான்றிதழும் இல்லை.

நான் சொல்வது 'பேறு'. மகப்பேறு நினைவுக்கு வரும் என்பீர்கள், வரட்டும். பரீட்சைப் பெறுபேறு என்று நம் பிள்ளைகள் எல்லாரும் சொல்கிறார்களே, உழைத்துப் பெற்றது என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. 'மழைநீர்ப் பேற்றில் 3 புள்ளி' என்று எழுதிப் பாருங்கள், தடக்காமல் ஓடும்.

இந்தச் சொல்லின் பலன் வளாகம் என்று வரும்போதுதான் தெரியும். பஸ் தரிப்பிடம் எவ்வளவு தூரம், மழைநீர் எங்கே இறங்குகிறது என்பவை முழு வளவுக்கும் பொது. ஒருமுறை நிரூபித்தால் பின்னால் திருத்தப்படும் கட்டடமும் அதையே காட்டலாம். மின்சாரச் செலவு அப்படியல்ல, அந்தந்தக் கட்டடம் தானே நிரூபிக்கவேண்டும். முன்னதைப் 'பொதுப்பேறு' என்றும் பின்னதைத் 'தனிப்பேறு' என்றும் வைப்போம். நம் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வாய்க்கால் எல்லாருக்கும் பொது, வரம்பில் நீர் விட வெட்டும் வக்கடை அவரவர் வயலுக்கு. இப்படிச் சொன்னதும் இல்லத்தின் காவலாளி, அம்பாறைப் பக்கம் வயல் செய்தவர், உடனே பிடித்துக்கொண்டார்.

இன்னொன்று, வேலை நடக்கும் கட்டங்களுக்கு உரிய சொல். 'இரண்டாம் கட்டடம்', 'இரண்டாம் கட்டம்' இரண்டும் ஒரே வரியில் வந்தால் வாசிப்பவர் தடுமாறுவார். தவணை என்றால் திரும்பவும் கடன் வந்துவிடும். ஆகவே 'படி' என்கிறேன்: முதற்படி, இரண்டாம்படி. இது சின்ன விஷயம் இல்லை. எந்தப் படியில் எந்தக் கட்டடத்தை உடைப்பார்கள் என்று ஆட்களுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் சுவர் இடித்தால் தூசு நேரே பக்கத்துக் கட்டடத்துக் கட்டில்களில்தான் போய் விழும், அங்கே இழுப்பு நோய்க்காரர் படுத்திருக்கிறார்கள்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். புதுத் தாளை அச்சுக்குக் கொடுக்கமுதல் அந்த அம்மம்மாவிடம்தான் வாசிக்கக் கொடுக்கப்போகிறேன்.